பட்டா இல்லாத 312 கேம்கள்

வியாழக்கிழமை ராத்திரி எட்டரை மணி. எங்க ஹாஸ்டல் ரூம்ல மூணு ஃபோன்ல ஒரே நேரத்துல அலாரம் அடிக்கும். அடுத்த நாள் இன்டர்னலா இருக்கட்டும், மெஸ்ல பரோட்டாவா இருக்கட்டும், அடுத்த ரெண்டு நிமிஷம் யாரும் பேச மாட்டோம். எபிக் கேம்ஸ் ஸ்டோரைத் திறப்போம். அந்த வாரத்து ஃப்ரீ கேம் என்னன்னு பார்ப்போம். 'கெட்' பட்டனை அழுத்துவோம். மொத்தத் தொகை பூஜ்யம்னு வந்ததும் ஆர்டர் போடுவோம். அவ்வளவுதான். டவுன்லோட் எல்லாம் பண்ண மாட்டோம். நேரா பரோட்டாவுக்குப் போயிடுவோம்.

நீங்களும் இந்தக் கூட்டத்துல ஒருத்தர்னா இது உங்களுக்காக எழுதினது. இல்லைன்னாலும் கடைசி வரைக்கும் படிங்க. நம்ம காலேஜ் மெயில் ஐடி பத்தி ஒரு முக்கியமான விஷயம் நடுவுல வருது.

என்கிட்ட ஒரு எக்செல் ஷீட் இருக்கு. எந்த ஸ்டோர், எந்தத் தேதி, என்ன கேம், அன்னிக்கு அதோட விலை என்ன, எல்லாம் அதுல இருக்கும். போன வருஷம் ஆகஸ்ட் கணக்குப்படி அஞ்சு ஸ்டோர்ல மொத்தம் 312 கேம். நான் கொடுத்த பணம் பூஜ்யம். அந்த ஷீட்ல இன்னும் ரெண்டு காலம் உண்டு. 'இன்ஸ்டால் பண்ணினது' 9. 'முடிச்சது' 3. இந்த ரெண்டு காலத்தையும் ரொம்ப நாளா ஹைட் பண்ணி வெச்சிருந்தேன்.

எனக்கு இந்தப் பழக்கம் தொத்தினது 2020 மே மாசம். அப்போ நான் பத்தாவது. பொதுத்தேர்வு தள்ளிப் போய், மறுபடியும் தள்ளிப் போய், கடைசியில ஜூன்ல ரத்தே ஆச்சு. ஆனா மே மாசம் அது தெரியாது. அன்னூர் வீட்டுல புக்கைத் திறந்து வெச்சுக்கிட்டு ஃபோனைப் பார்த்துட்டு இருந்தேன். மே 14-ஆம் தேதி ஜிடிஏ 5 ஃப்ரீன்னு க்ளாஸ் குரூப்ல ஒருத்தன் போட்டான். ஒரு வாரம்தான், அதுக்குள்ள எடுத்துக்கிட்டா எப்பவும் நம்ம அக்கவுண்ட்ல இருக்கும்னான். ஊர் உலகமே ஊரடங்குல வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்த நேரம். எல்லாரும் ஒண்ணா உள்ள புகுந்ததுல எபிக் சைட்டே மணிக்கணக்கா படுத்துடுச்சு. ராத்திரி பூரா ரிஃப்ரெஷ் பண்ணி, கிடைக்காம தூங்கி, காலையில எந்திரிச்சுதான் எடுத்தேன். அப்போ ஃப்ரீ கேம் வேணும்னா டூ-ஃபேக்டர் கட்டாயம்னு வேற வெச்சிருந்தாங்க. அது என்னன்னு தெரிஞ்சுக்கவே அரை மணி நேரம் ஆச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, எங்க வீட்டுல அந்த கேமை ஓட்டுற கம்ப்யூட்டரே கிடையாது. இருந்தது அக்காவோட காலேஜ் லேப்டாப், ஐ3, கிராஃபிக்ஸ் கார்டு இல்ல. கேமோட சைஸ் 90 ஜிபிக்கு மேல. ஃபோன்ல ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா. தினமும் மிச்சமே வைக்காம இறக்கினாக்கூட ரெண்டு மாசம். நான் எடுத்தது ஃபோன் ப்ரௌசர்ல. காரே இல்லாதவன் ராத்திரி முழுக்க க்யூவுல நின்னு சாவி வாங்கின கதை. ஆனா அந்தக் காலையில வந்த சந்தோஷம் இருக்கே, அது பொய் இல்ல. ஆயிரக்கணக்குல விலை போட்டிருந்த ஒண்ணு, என் பேருக்கு நேரா இருந்துச்சு.

அதுக்கப்புறம் வியாழக்கிழமை விரதம் மாதிரி ஆயிடுச்சு. எபிக்ல வாராவாரம். நம்ம நேரப்படி எட்டரை மணி, அமெரிக்காவுல கடிகாரத்தை மாத்தறதால நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஒன்பதரை. டிசம்பர் கடைசியில தினம் ஒண்ணு. ப்ரைம் மெம்பர்ஷிப் வீட்டுல யார்கிட்டயாவது இருந்தா அதுல கொஞ்சம். ஜிஓஜில பெரிய சேல் வரும்போது ஒண்ணு ரெண்டு. ஸ்டீம்ல எப்பவாவது நூறு சதவீதத் தள்ளுபடி விழும், அது நமக்கே. ஆனா அதே ஸ்டீம்ல 'ஃப்ரீ வீக்கெண்ட்'னு போட்டா ரெண்டு மூணு நாள் விளையாடலாம், திங்கக்கிழமை பூட்டிக்கும். புதுசா வர்றவங்க இங்கதான் ஏமாறுவாங்க. 'வெச்சுக்கலாம்'னு எழுதியிருக்கா, 'விளையாடலாம்'னு எழுதியிருக்கான்னு பார்த்துக்கங்க.

சரி, எதுக்கு இப்படி அள்ளிக் கொடுக்கறாங்க? நானும் ரொம்ப நாள் யோசிக்கல. கோயில்ல சுண்டல் கொடுக்கும்போது யாராவது காரணம் கேப்பாங்களா? ஆனா 2021-ல எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் கலிஃபோர்னியா கோர்ட்ல நடந்த கேஸ்ல எபிக்கோட உள் கணக்கு வெளிய வந்துச்சு. அதைப் படிச்சப்போதான் விஷயம் புரிஞ்சுது.

ஸ்டீம் வந்தது 2003-ல. எபிக் ஸ்டோர் வந்தது 2018 டிசம்பர்ல. பதினஞ்சு வருஷம் லேட். ஊர்ல எல்லாரும் ஒரே மளிகைக் கடைக்குப் போய்ப் பழகிட்டாங்க, எதிர்ல புதுக் கடை போட்டா யாரு வருவா? கேம் பண்றவங்களை இழுக்க, 'ஸ்டீம் பொதுவா நூத்துக்கு 30 எடுக்குது, நாங்க 12தான் எடுப்போம்'னு எபிக் சொல்லுச்சு. வாங்கறவங்களை இழுக்க ஃப்ரீ கேம். முதல் கேம் சப்நாட்டிகா, அதுக்கு மட்டும் 14 லட்சம் டாலர் மொத்தமாப் பேசிக் கொடுத்திருக்காங்க. முதல் ஒன்பது மாசத்துக்கு மொத்தச் செலவு சுமார் 1.16 கோடி டாலர். அதுல வந்த புது அக்கவுண்ட் கிட்டத்தட்ட 50 லட்சம். வகுத்துப் பாருங்க. ஒரு ஆளுக்கு ரெண்டரை டாலர்கூட இல்ல. அன்னிக்கு டாலர் விலைக்கு 160, 170 ரூபா. காந்திபுரத்துல ஒரு பிரியாணி.

அதாவது நான் 312 கேமை ஃப்ரீயா வாங்கல. ஒவ்வொரு கடையும் என்னை ஒரு பிரியாணி விலைக்கு வாங்கியிருக்கு. இதுல எனக்குப் பெருசா கோபம் எல்லாம் வரல. கடைக்காரன் வேற என்ன பண்ணுவான்? ஆனா அதுவரைக்கும் 'நான் புத்திசாலி, ஒரு பைசா செலவு இல்லாமச் சேர்த்துட்டேன்'னு ஒரு நெனப்பு இருந்துச்சு. அது அன்னிக்குக் கொஞ்சம் இறங்குச்சு. ஆனா அலாரம் நிக்கல.

இப்போ அந்த மெயில் ஐடி விஷயத்துக்கு வர்றேன். போன செப்டம்பர்ல லேப்டாப் ஃபார்மேட் பண்ணேன். எல்லா ஸ்டோர்லயும் மறுபடி லாகின் பண்ணும்போது ஒண்ணு மட்டும், 'புது டிவைஸ், மெயிலுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கோம்'னு சொல்லுச்சு. எந்த ஸ்டோர்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா தப்பு பாதி என்னோடது. அந்த அக்கவுண்ட்டை நான் தொடங்கினது ஸ்கூல் மெயில்ல. ஆன்லைன் க்ளாஸுக்காக ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரு ஐடி கொடுத்தாங்கல்ல, அது. நாங்க பன்னெண்டாவது முடிச்சதும் அதை மூடிட்டாங்க. கூடக் கொடுத்திருந்த ஃபோன் நம்பர் ரீசார்ஜ் பண்ணாம விட்டு, இப்போ வேற யாரோ வெச்சிருக்காங்க. சப்போர்ட்டுக்கு எழுதினேன். என்னை நிரூபிக்கச் சொன்னாங்க. பில் இருந்தா அனுப்புன்னாங்க. எல்லாமே பூஜ்யம் ரூபாய்க்கு எடுத்தது, பில்லுக்கு எங்க போறது? ரெண்டு வாரம் கழிச்சு, 'வருந்துகிறோம்'னு ஒரு மெயில். 58 கேம் போச்சு.

அன்னிக்கு ராத்திரி ரூம்மேட் கேட்டான், "என்னென்னடா போச்சு?"ன்னு. ஷீட்டைத் திறக்காம ஒரு பேப்பர்ல எழுதிப் பார்த்தேன். பதினொண்ணு வந்துச்சு. பதினொண்ணுக்கு மேல பேனா நகரல. மூணு நாலு வருஷமா அலாரம் வெச்சு, எக்ஸாம் நாள்லகூட விடாம எடுத்த 58 கேம்ல, 47 பேர்கூட எனக்குத் தெரியல. தொலைஞ்சதுல வருத்தப்படறதுக்குக்கூட எனக்குத் தகுதி இல்லையோன்னு இருந்துச்சு.

அதனால ஃபைனல் இயர் மக்களே, ஸ்டீமோ எபிக்கோ, வேற எதுவோ, காலேஜ் மெயில்ல தொடங்கியிருந்தா இன்னிக்கே சொந்த மெயிலுக்கு மாத்துங்க. நாம டிசி வாங்கிட்டுப் போனதும் அந்த மெயில் எத்தனை நாள் உயிரோட இருக்கும்னு யாருக்கும் தெரியாது. பழைய ஃபோன் நம்பரையும் எடுத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

இந்த வருஷம் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. கவனிச்சீங்களா? வியாழக்கிழமை. நான் அப்பாரு வீட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தேன். அப்பாருன்னா அப்பாவோட அப்பா, எங்க ஊர்ப் பக்கம் அப்பாருன்னுதான் சொல்லுவோம். ஒன்பதரைக்கு அலாரம் அடிச்சுது. கயித்துக் கட்டில்ல படுத்திருந்த அப்பாரு தலையைத் தூக்கி, "ஏங்கண்ணு, இந்நேரத்துக்கு மாத்திரை ஏதாச்சும் போடோணுமா?"ன்னு கேட்டாங்க.

"இல்லீங்க அப்பாரு, இது வாராவாரம் ஃப்ரீயா ஒரு கேம் கொடுப்பாங்க, அதை எடுக்கறதுக்கு"ன்னு ஃபோனைக் காட்டினேன். லைப்ரரியைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். படம் படமா வந்துட்டே இருந்துச்சு.

"இத்தனையும் உன்றதா?"

"ஆமாங்க."

"பட்டா யாரு பேர்ல இருக்குது?"

சிரிச்சுட்டேன். ஆனா பதில் சொல்ல முடியல. ஏன்னா அப்பாரு கேட்டது சரியான கேள்வி.

பட்டா நம்ம பேர்ல இல்ல. ஃப்ரீயா எடுத்தாலும் சரி, முழு விலை கொடுத்து வாங்கினாலும் சரி, பெரும்பாலான ஸ்டோர்ல நமக்குக் கிடைக்கறது லைசென்ஸ். பயன்படுத்திக்க ஒரு அனுமதி. கலிஃபோர்னியா 2024-ல ஒரு சட்டம் போட்டுச்சு: டிஜிட்டல் பொருளை 'வாங்கு'ன்னு சொல்லி வித்தா, அது லைசென்ஸ்தான்னு தெளிவாச் சொல்லணும். 2025 ஜனவரி 1-ல இருந்து அமல். அதுக்கு முன்னாடியே ஸ்டீம்ல பணம் கட்டற இடத்துல இதை ஒரு வரியில போட ஆரம்பிச்சாங்க. நாம யாரு அதைப் படிச்சோம்?

படிக்காததால என்ன ஆகும்னா, 'தி க்ரூ' ஆகும். யூபிசாஃப்ட்டோட கார் ரேஸ் கேம், 2014-ல வந்தது. 2016 செப்டம்பர்ல கம்பெனிக்கு 30 வருஷம் ஆனதைக் கொண்டாட அதை ஃப்ரீயா கொடுத்தாங்க. என்னை மாதிரி ஆளுங்க லட்சணமா எடுத்து வெச்சிருப்பாங்க. 2024 மார்ச் 31-ல சர்வரை நிறுத்திட்டாங்க. தனியா ஓட்டறதுக்குக்கூட சர்வர் வேணும்கறதால, ஃப்ரீயா எடுத்தவனுக்கும் இல்ல, காசு கொடுத்தவனுக்கும் இல்ல. அப்புறம் லைப்ரரியில இருந்தே எடுத்துட்டாங்க. அந்தக் கோபத்துல ராஸ் ஸ்காட்னு ஒரு யூட்யூபர் தொடங்கினதுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பாவுல அதுக்கான மனுவுல 2025-ல பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டிட்டாங்க.

ஜிஓஜி மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. 2008-ல போலந்துல தொடங்கினது. அங்க எடுக்கற கேமோட இன்ஸ்டாலரை அப்படியே இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சுக்கலாம், நெட் இல்லாமலே ஓடும். அக்கவுண்ட் போனாலும் ஃபைல் நம்மகிட்ட இருக்கும். நான் எத்தனை இறக்கி வெச்சேன்னு கேக்காதீங்க.

இதெல்லாம் அப்பாருக்கு எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு, "குத்தகை மாதிரிங்க அப்பாரு. காசு இல்லாத குத்தகை"ன்னு சொன்னேன். அவங்க வீட்டுல ஒரு மிக்சி இருக்கு. 2011 தேர்தலுக்கு அப்புறம் அரசாங்கம் கொடுத்தது, மேல ஸ்டிக்கர்கூட இன்னும் போகல. அரசாங்கம் அதை 'இலவசம்'னு சொல்லல, 'விலையில்லா மிக்சி'ன்னு சொல்லுச்சு. ஒரு தடவை மோட்டார் காயில் கட்டினாங்க, அவ்வளவுதான், இன்னும் சட்னி அரைக்குது. அதை யாரும் சென்னையில இருந்து ஸ்விட்சை ஆஃப் பண்ணிட முடியாது. என்னோட 312-ல அப்படி ஒண்ணுகூட இல்ல.

குத்தகைன்னதும் அப்பாரு எந்திரிச்சு உட்கார்ந்தாங்க. அவங்க பதினெட்டு வருஷம் அடுத்தவங்க காட்டைக் குத்தகைக்கு ஓட்டினவங்க. வரப்போரமா அவங்க வெச்ச தென்னம்பிள்ளை காய்ப்புக்கு வர்ற நேரத்துல ஓனர் நிலத்தை வித்துட்டாங்க. இந்தக் கதை எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அதனால 'அடுத்தவன் மண்ணுல மரம் வெக்காதே கண்ணு'ன்னு ஏதாச்சும் வரும்னு நெனச்சேன்.

வரல. "குத்தகை ஒண்ணும் கெட்டது இல்ல கண்ணு. தென்னை போச்சு, வாஸ்தவம். ஆனா பதினெட்டு வருசம் கடலைக்காய் போட்டேன், சோளம் போட்டேன். உங்கொப்பன் படிச்சது அந்தக் காட்டுலதான். அதை எவன் புடுங்க முடியும்?"னாங்க. கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்துட்டு, "இதுல நீ எத்தனை காட்டுல வெதைச்சே?"ன்னு கேட்டாங்க.

"ஒன்பதுங்க."

"மிச்சமெல்லாம்?"

"அப்படியே இருக்குதுங்க."

"குத்தகைக்குப் புடிச்சுத் தரிசாப் போட்டவனை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க.

அந்த ஒன்பதுல ஒண்ணைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். 'ஓவர்குக்ட் 2'. 2021 ஜூன்ல எபிக்ல ஃப்ரீயா வந்தது. ரெண்டாவது அலை நேரம், மத்த ஊர்ல தளர்வு கொடுத்தாலும் கோயம்புத்தூர் ஜில்லாவுக்குக் கடைசியிலதான் கொடுத்தாங்க. ஆவணியில அக்காவுக்குக் கல்யாணம். அதுக்கு நடுவுல ரெண்டு மாசம். அக்காவோட அதே ஐ3 லேப்டாப், எல்லா செட்டிங்கும் லோவுல. ஒரே கீபோர்டுல இடது பக்கம் அக்கா, வலது பக்கம் நான். ரெண்டு பேரும் சமையல்காரங்க. அரிசி வேக வெக்கணும், மீன் வெட்டணும், தட்டு கழுவணும், டைம் முடியறதுக்குள்ள ஆர்டரை அனுப்பணும். கொஞ்சம் விட்டா சோறு கருகி சமையல்கட்டே தீப்பிடிக்கும். "டேய், சோறுடா! சோறு!"ன்னு அக்கா கத்தும். நிஜ அடுப்புல ஒரு நாளும் உலை வெக்காத ரெண்டு பேர், ராத்திரி பன்னெண்டு மணிக்குச் சோத்துக்காகச் சண்டை போடறதை அம்மா வாசப்படியில நின்னு பார்ப்பாங்க. "இந்த வேகத்துல பாதி என்ற அடுப்படியில இருந்தா போதும்"பாங்க.

நாலாவது உலகம் வரைக்கும் போனோம். அப்புறம் பத்திரிகை வந்துச்சு, ஜவுளி எடுக்கப் போனோம், கல்யாணம் முடிஞ்சு அக்கா காங்கேயம் போயிடுச்சு. அந்த கேம் அதோட நின்னுடுச்சு. தொலைஞ்ச 58-ல பதினொண்ணுதான் ஞாபகம் வந்துச்சு, ஆனா இந்த ஒரு கேம்ல எந்த லெவல்ல எங்க ரெண்டு ஸ்டாரோட விட்டோம்னு இன்னிக்கும் சொல்லுவேன்.

மறுநாள் பட்டிப் பொங்கலுக்கு அக்காவும் மாமாவும் பாப்பாவும் வந்தாங்க. முந்தின நாள் ராத்திரியே என் லேப்டாப்ல அதை இறக்கி வெச்சிருந்தேன். சாப்பாடு முடிஞ்சதும் திண்ணையில உட்கார்ந்து திறந்தோம். பழைய சேவ் வரல. அது அக்காவோட லேப்டாப்போட போயிருக்கு, அதை எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. நாலு உலகமும் ஸ்டாரும் இல்ல. முதல் லெவல் மட்டும் திறந்து நின்னுது.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அக்கா பெருசா கண்டுக்கல. "அதனால என்ன, முதல்ல இருந்து வா"ன்னு கீபோர்டுல இடது பக்கம் கையை வெச்சுது. மூணு வயசுப் பாப்பா நடுவுல புகுந்து ஸ்பேஸ் பாரைப் புடிச்சுக்கிச்சு. அரை மணி நேரத்துல ரெண்டு தடவை தீப்பிடிச்சுது. அப்பாரு கட்டில்ல இருந்து, "என்னடா கருகுது?"ன்னு கேட்டாங்க.

இதுக்கப்புறம் வந்த வியாழக்கிழமைகள்லயும் அலாரம் அடிச்சுட்டுத்தான் இருக்கு. நிறுத்திட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஷீட்ல ஹைட் பண்ணியிருந்த ரெண்டு காலத்தையும் திறந்து வெச்சிருக்கேன். பழசுல ஒண்ணை ஒரு மணி நேரமாவது விளையாடாம புதுசு எடுக்கறதில்லைன்னு ரூம்ல மூணு பேரும் பேசி வெச்சிருக்கோம். இன்ஸ்டால் பண்ணினது இப்போ 14.

நாங்க மூணு பேரும் ஒரே ரூம்ல இருந்து அந்த அலாரத்தைக் கேக்கறதுக்கு, நான் எண்ணிப் பார்த்ததுல, இன்னும் பதினோரு வியாழக்கிழமைதான் இருக்கு. அப்புறம் ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் சென்னை, நான் எங்கன்னு இன்னும் தெரியல. அதுக்குள்ள எங்க லைப்ரரியில நாலு பேர் சேர்ந்து விளையாடற கேம் என்னென்ன இருக்குன்னு இப்போதான் தேடிட்டு இருக்கோம். ஒரு ஆள் குறையுது. உங்க ரூம் பக்கத்துல இருந்தா, வியாழக்கிழமை பரோட்டாவுக்கு அப்புறம் வாங்க.